கொழும்பிலிருந்து ஒருவர்

நேற்று என் இணையத்தளத்துக்கு ஏழு பேர் வந்திருக்கிறார்கள். கொழும்பிலிருந்து மூன்று, ஆஷ்பர்ன் என்ற ஊரிலிருந்து இரண்டு, லண்டனிலிருந்து ஒன்று, ஊர் தெரியாதது ஒன்று. இப்படி ஒரு பட்டியலைத் தினமும் திறந்து பார்க்கிற ஆட்கள் உலகத்தில் நிறையப் பேர் இருக்கிறோம். சாமான் விற்கிறவர்களைச் சொல்லவில்லை. பல்கலைக்கழக வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கிறவர்களைச் சொல்கிறேன்.

நம்ம தோட்டங்களிலிருந்து பட்டப்படிப்பு, முதுமாணி, கலாநிதிப் பட்டம் என்று போகிற தம்பி தங்கச்சிமார் இப்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகிறார்கள். அவர்களுக்கும் இந்தக் காத்திருப்பு ஒருநாள் வரும். அதனால் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த வேலைத்தேடல் எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். நான் புள்ளியியலில் ஆய்வை முடிக்கிற கட்டத்தில் இருக்கிறேன், இங்கிலாந்தில். எங்கள் துறையில் அமெரிக்க வேலைகளுக்கு ‘மத்ஜொப்ஸ்’ என்று ஒரு தளம் இருக்கிறது, அமெரிக்கக் கணிதக் கழகம் நடத்துவது. அதில் சுயவிபரக்கோவை, என்ன ஆய்வு செய்தேன் செய்வேன் என்று ஓர் அறிக்கை, எப்படிக் கற்பிப்பேன் என்று ஓர் அறிக்கை, மூன்று பேராசிரியர்களின் சிபாரிசுக் கடிதம், எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும். கடைசித் திகதிகள் பெரும்பாலும் ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரைக்குள் வரும். இலங்கையில் என்றால் பத்திரிகையில் விளம்பரம் வரும், பதிவுத் தபாலில் அனுப்பவேண்டும், கவரின் இடப்பக்க மூலையில் பதவியின் பெயரை எழுதவேண்டும். இரண்டுக்கும் ஒரு விஷயம் பொது. அனுப்பிய பிறகு சத்தமே இருக்காது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில். கிடைக்கவில்லை என்றால் அதைச் சொல்லக்கூட நிறைய இடங்களில் ஆள் இல்லை.

அந்த அமைதியில் காதை வைத்துக் கேட்க இருக்கிற ஒரே சுவர் உங்கள் சொந்த இணையத்தளம். தெரிவுக்குழுவில் இருக்கிற யாராவது பெயரைக் கூகுளில் தேடி, தளத்துக்கு வந்து, கட்டுரைகளைத் திறந்து பார்த்தால், அது கணக்கில் விழும். விழுந்தால் நம்பிக்கை. விழாவிட்டால் நாளைக்குப் பார்ப்போம்.

இந்தத் தளத்தைத் தொடங்கிய அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் தனி. காரணம் வேலை இல்லை, விலாசம். லயத்தில் வளர்ந்தவர்களுக்குப் புரியும். நமக்கு வீட்டு இலக்கம் கிடையாது, வீதிப் பெயர் கிடையாது. ஆளின் பேர், டிவிஷன், தோட்டம், கொஸ்லந்தை. அவ்வளவுதான். கடிதம் தோட்டத்து ஒபீசுக்கு வரும். அங்கிருந்து எப்போது யார் கையில் வந்து சேரும் என்பது நம்ம கையில் இல்லை. நேர்முகப் பரீட்சைக்கான கடிதம் திகதி முடிந்த பிறகு வந்து சேர்ந்த கதை மலையகத்தில் எந்தத் தோட்டத்திலும் கேட்கலாம். அப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்த ஒருத்திக்கு, தன் பேரே விலாசமாக இருக்கிற ஓர் இடம் சின்ன விஷயமில்லை. விலாசம் வந்துவிட்டது. யார் வந்து கதவைத் தட்டுகிறார்கள் என்று பார்க்க ஆசை வராதா?

அம்மாவிடம் இதைப் போனில் விளக்கினேன். முப்பது வருஷம் கொழுந்து பறித்தவங்க. கேட்டுவிட்டுச் சொன்னாங்க: “வந்தவங்க யாருன்னு தெரியாதா? அப்புறம் என்னத்துக்குப் பேர் போடுறீங்க?”

தோட்டத்தில் பேர் என்றால் ஒருநாள் வேலைக்கான பதிவு. கிலோ சரியாக இருந்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். செக்ரோலில் பேர் விழுந்தால்தான் சம்பளம். அம்மாவைப் பொறுத்தவரை எண்ணிக்கை என்றால் அதற்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கவேண்டும். அந்த ஒரு கேள்வியில் அம்மா முழு விஷயத்தையும் பிடிச்சிட்டாங்க.

கணக்கு எப்படி விழுகிறது என்று பாருங்கள். பக்கத்துக்குள் ஒரு சின்ன நிரல் ஒளிந்திருக்கும். நீங்கள் பக்கத்தைத் திறந்ததும் அது உங்கள் உலாவியிலிருந்து இன்னொரு கணினிக்குச் செய்தி அனுப்பும். எந்த நேரம், எந்தப் பக்கம், போனா கொம்பியூட்டரா, எங்கிருந்து வந்தீர்கள் என்றெல்லாம். உங்கள் இணைய முகவரியை, அதாவது ஐபி எண்ணை வைத்து ஊரை ஊகிக்கும். ஊகிக்கும் என்றுதான் சொல்லவேண்டும், அறியும் என்று சொல்லமுடியாது.

கூகுள் அனலிட்டிக்ஸ் 2005இல் வந்தது. அதில் நெடுங்காலம் இன்னொரு விபரமும் இருந்தது, வருகிறவரின் இணைப்பு எந்த நிறுவனத்துடையது என்ற விபரம். பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்குத் தங்கள் பெயரிலேயே இணைய முகவரிகள் இருப்பதால், விண்ணப்பம் போட்ட பல்கலைக்கழகத்தின் பெயரே பட்டியலில் வந்து நிற்கும். விண்ணப்பதாரர்கள் இதைப் பார்த்துப் பார்த்துத்தான் பழகினார்கள். 2020 பெப்ரவரியில் கூகுள் அந்த விபரத்தை நிறுத்திவிட்டது. இப்போது மிச்சம் இருப்பது ஊர் மட்டும். இத்தாக்கா மாதிரிப் பல்கலைக்கழகத்தை வைத்தே ஊர் என்றிருக்கிற சின்ன இடத்துக்கு விண்ணப்பித்தவர், அந்த ஊர்ப் பேரைப் பட்டியலில் பார்த்தால் நெஞ்சு அடிக்கும். லண்டனுக்கு விண்ணப்பித்தவருக்கு அந்த வசதியும் இல்லை. லண்டனிலிருந்து யார்தான் வரமாட்டார்கள்!

ஆஷ்பர்ன் கதை தெரியுமா? அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். எந்தத் தளத்தின் கணக்கைத் திறந்தாலும் அங்கிருந்து வருகை இருக்கும். அந்தப் பகுதி முழுக்கத் தரவு மையங்கள், உலகத்திலேயே அதிகமாகக் குவிந்திருக்கிற இடங்களில் ஒன்று. அங்கிருந்து வருவது பெரும்பாலும் மனிதர்கள் இல்லை, தளம் தளமாகப் போய் வாசிக்கிற இயந்திரங்கள். அந்த நிரல்களில் ஒரு பகுதியை அனலிட்டிக்ஸ் வடிகட்டும், மிச்சம் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். முழுப்பேரும் இல்லை, அரைப்பேரும் இல்லை.

இனி மீரியபெத்தைக்கு வருகிறேன். என் தளத்தில் பெரும்பாலும் கணக்குத்தான் இருக்கிறது: ஆய்வுக் கட்டுரைகள், உயர்தர மாணவர்களுக்குத் தமிழில் எழுதிய நிகழ்தகவுக் குறிப்புகள். ஒரே ஒரு பக்கம் மட்டும் வேறு. எங்க டிவிஷனைப் பற்றி, பீலியைப் பற்றி, கோயிலைப் பற்றி, 2014 ஒக்டோபர் 29 காலையைப் பற்றி எழுதியது.

அந்தக் காலை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஏழரை மணியளவில் மலை இறங்கி லயங்களை மூடியது. 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இடம் ஆபத்தானது என்று எச்சரித்திருந்தது. ஆட்கள் அங்கேயேதான் இருந்தார்கள். போவதற்கு வேறு காணி கொடுக்கவில்லை. உயிர் தப்பியவர்கள் பாடசாலையில் தங்கி, பிறகு பழைய தேயிலைத் தொழிற்சாலையில் தங்கி, 2016இல்தான் 75 வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. நான் அன்றைக்கு உயர்தர வகுப்பு மாணவி. வகுப்புக்குப் போக இறங்கிவிட்டேன். அதனால் இதை எழுதுகிறேன். அதற்கு மேல் அந்தக் காலையைப் பற்றி இங்கே சொல்லப்போவதில்லை.

சொல்ல வந்தது வேறு. வருஷா வருஷம் ஒக்டோபர் கடைசி வாரத்தில் என் தளத்தின் வரைபடம் மேலே ஏறும். மழை தொடங்கி, செய்திகளில் மண்சரிவு எச்சரிக்கை வந்து, நினைவுநாளும் வரும்போது ஆட்கள் தேடுவார்கள். 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மண் சரிந்தபோதும் ஏறியது. வேலைத்தேடல் உச்சத்தில் இருப்பதும் அதே ஒக்டோபரில்தான். ஆக, கோடு மேலே ஏறுகிறது. ஏற்றியவர் தெரிவுக்குழுவா? செத்தவர்களா? கணக்கில் இரண்டுக்கும் ஒரே நிறம்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்றும் அது காட்டும். ஆய்வுப் பக்கத்தில் இருபது விநாடி. மீரியபெத்தப் பக்கத்தில் நான்கு நிமிஷம். நான் நான்கு வருஷம் உழைத்தது ஒன்று. நான் பிழைத்தது இன்னொன்று. வருகிறவர்கள் இரண்டாவதைத்தான் உட்கார்ந்து வாசிக்கிறார்கள்.

இதைக் கேட்ட ஒரு சிநேகிதி சொன்னாள், “அந்தப் பக்கத்தை எடுத்துடு. அனுதாபம் தேடுற மாதிரி இருக்கும்.” இன்னொரு அண்ணன் நேரெதிராகச் சொன்னார், “அதைத் தூக்கி முன்னால போடு. அங்க இருக்கிறவங்களுக்கு இந்த மாதிரிக் கதை பிடிக்கும்.” இரண்டு பேரும் எனக்கு நல்லது நினைத்தவர்கள்தான். ஆனால் இரண்டு யோசனையும் ஒரே இடத்தில் நிற்கின்றன: பார்க்கிறவர் யார், அவருக்கு என்ன பிடிக்கும் என்று பார்த்து ஊரை மடித்து வை, அல்லது விரித்து வை. பார்க்கிறவர் யார் என்பதோ யாருக்கும் தெரியாது. நான் பக்கத்தை இருந்த இடத்திலேயே விட்டேன். ‘பிறந்த இடம்: மீரியபெத்த’ என்பது ஒரு தகவல். லண்டனில் பிறந்தவர் லண்டன் என்று எழுதுவதைப் போல.

என் ஆய்வுத்துறைக்குப் பெயர் ‘விடுபட்ட தரவுகள்’. ஒரு கணக்கெடுப்பில் சிலர் பதில் சொல்லமாட்டார்கள், சில எண்கள் தொலைந்திருக்கும். அதை வைத்துக்கொண்டு எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதுதான் கேள்வி. டொனல்ட் ரூபின் என்ற புள்ளியியலாளர் 1976இல் எழுதிய கட்டுரை இதற்கு அடித்தளம். எண் தொலைந்திருப்பதை மட்டும் பார்க்காதே, அது ஏன் தொலைந்தது என்று பார் என்பதுதான் அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது. சும்மா தற்செயலாகத் தொலைந்திருந்தால் பெரிய ஆபத்தில்லை. தொலைந்த காரணத்துக்கும் தொலைந்த எண்ணுக்கும் சம்பந்தம் இருந்தால், மிச்சம் இருப்பதை வைத்துப் போடுகிற எந்தக் கணக்கும் கோணலாகத்தான் வரும்.

2014இல் அந்தக் கணக்கு எப்படிப் போனது என்று ஞாபகம் இருக்கா? முதலில் காணாமல் போனவர்கள் 300க்கு மேல் என்றார்கள். பிறகு 192 என்றார்கள். பிறகு நூறுக்குள் என்றார்கள். பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகளும் வேலைக்குப் போயிருந்த பெரியவர்களும் இருப்பது தெரியத் தெரிய எண் இறங்கியது. எண் இறங்குவது நல்ல செய்திதானே. ஆனால் ஒவ்வொரு தடவை இறங்கும்போதும், ‘அப்ப எங்க வீட்டாள் அந்தக் கணக்குல இருந்தாளா இல்லையா’ என்று கேட்டுக்கொண்டு நின்றவர்கள் இருந்தார்கள். பலருடைய உடல் மண்ணிலிருந்து வெளியே வரவேயில்லை. நான் இந்தத் துறைக்கு வந்ததற்கு அதுதான் காரணமா என்று நேர்காணல்களில் கேட்பார்கள். கணக்கு பிடிக்கும் என்பதுதான் முதல் காரணம். அதுவும் உண்மை.

அதே கண்ணால் என் தளத்தின் பட்டியலைப் பார்த்தால் அதில் யார் இல்லை என்பது தெரியும். கண்காணிப்பு நிரல்களைத் தடுக்கிற கருவி போட்டிருப்பவர்கள் இல்லை. கணினி, புள்ளியியல் துறைப் பேராசிரியர்களில் அப்படிப் போட்டிருப்பவர்கள் சாதாரண ஆட்களைவிட அதிகம் என்றுதான் நினைக்கிறேன். ஆக, நான் எதிர்பார்க்கிறவர்தான் கணக்கில் விழாமல் போக அதிக வாய்ப்புள்ளவர். விண்ணப்பத்தோடு ஏற்றிய பீடிஎப்பை மட்டும் வாசித்துவிட்டு முடிவு எடுக்கிறவரும் இல்லை, அவர் தளத்துக்கே வரப்போவதில்லை. வீட்டிலிருந்தும் ரயிலிலிருந்தும் வாசிக்கிறவர் வேறு ஊராக விழுவார்.

இன்னொரு கூட்டமும் இல்லை. கொஸ்லந்தை என்ற பேர் என் பட்டியலில் வந்ததே கிடையாது. பூனாகலை, பண்டாரவளை, ஹப்புத்தளை எதுவும் கிடையாது. எங்க ஆட்கள் பார்க்காமலா இருக்கிறார்கள்? பார்க்கிறார்கள். ஆனால் போன் டேட்டாவில் பார்க்கிறார்கள். போன் கம்பனிகள் ஆயிரக்கணக்கான போன்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்து, அந்த முகவரியைக் கொழும்பில் பதிந்து வைத்திருக்கும். அதனால் மலையில் டவர் எட்டுகிற மூலையில், இஸ்தோப்பில் நின்று என் பக்கத்தைத் திறக்கிற பிள்ளை, என் கணக்கில் ‘கொழும்பிலிருந்து ஒருவர்’.

நம்மளைப் பற்றி எடுக்கிற கணக்குகளில் நாம் வேறெதாகவோ விழுவது புதிது இல்லைதான். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது இங்கே பிறந்தவர்கள் இந்தியக் கணக்கில் விழுந்தார்கள். ஆனால் அந்தக் கோபத்தை ஒரு ஐபி எண் மேல் இறக்கி என்ன பிரயோசனம்? பட்டியலில் கொழும்பைப் பார்க்கும்போது அது கொழும்புதான் என்று எடுத்துக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

தெரிந்துகொள்ள இன்னும் கெட்டியான வழி இருக்கிறது என்று உடன் படிக்கிற ஒருத்தர் சொன்னார். ஒவ்வொரு விண்ணப்பத்திலும் தளத்தின் இணைப்பைக் கொஞ்சம் மாற்றி எழுதவேண்டும், கடைசியில் ஓர் அடையாளத்தைச் சேர்த்து. எந்த இணைப்பு வழியாக ஆள் வந்தார் என்று பார்த்தால் எந்தப் பல்கலைக்கழகம் என்று தெரிந்துவிடும். வியாபாரிகள் நாள்தோறும் செய்வதுதான். எனக்கு அது பிடிக்கவில்லை. 1900களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டிலிருந்து நம்ம ஆட்களைக் கூட்டி வந்தபோது ஒவ்வொருத்தருக்கும் ஒரு சின்னத் தகர டிக்கெட் கொடுத்தார்கள். எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்ற எண் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். ஆளிடம் எதுவும் கேட்கத் தேவையில்லை, தகரத்தைப் பார்த்தால் போதும். தெரிவுக்குழுப் பேராசிரியரும் மண்டபம் முகாமில் நின்ற கூலிப்பெண்ணும் ஒன்றில்லை, எனக்குத் தெரியும். அதிகாரம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் தெரியும். என்றாலும், வாசிக்க வருகிறவரின் கழுத்தில் அவருக்குத் தெரியாமல் ஒரு தகரத்தை மாட்டி விடுகிற வேலையை நான் செய்யவில்லை.

சட்டமும் இந்தப் பக்கம் வந்துகொண்டிருக்கிறது. ஐரோப்பாவில் 2018இலிருந்து நடைமுறையில் இருக்கிற தரவுப் பாதுகாப்பு விதி ஐபி எண்ணையும் ஓர் ஆளின் சொந்தத் தகவலாகவே பார்க்கிறது. இலங்கையிலும் 2022இன் 9ஆம் இலக்கச் சட்டம் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க வந்தது. மறுபக்கத்தில் இதையே காசாக்குகிற கம்பனிகளும் இருக்கின்றன. ‘உங்கள் பக்கத்தைச் சிலர் பார்த்தார்கள், யாரென்று அறியக் கட்டணம் செலுத்துங்கள்’ என்று லிங்க்டின் சொல்லும். அகடமியா தளத்திலிருந்தும் அதே மாதிரி மின்னஞ்சல் வரும். வேலை இல்லாமல் காத்திருக்கிறவரின் ஏக்கத்துக்கு மாதக் கட்டணம்.

போன மாதம் ஒரு பல்கலைக்கழகம் என்னை நேர்காணலுக்குக் கூப்பிட்டது. அந்த ஊரின் பேர் என் பட்டியலில் ஒருநாள்கூட வந்ததில்லை. ஐந்து தடவை வந்து போன ஊரிலிருந்து இதுவரை ஒரு வரி பதில் இல்லை. ஒரு எடுத்துக்காட்டை வைத்து எதையும் நிறுவமுடியாது என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஆள் நான். அதனால் இதை வைத்து எதையும் நிறுவவில்லை. சும்மா சொல்கிறேன்.

விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு விஷயம். தளம் வைத்துக்கொள்ளுங்கள், அது உங்கள் விலாசம். கட்டுரைகளும் சுயவிபரமும் இரண்டு தட்டலில் கிடைக்கிற மாதிரி வையுங்கள். கணக்குப் பார்க்கவேண்டும் என்றால், ஆளைப் பின்தொடராமல் பக்கத்தை மட்டும் எண்ணுகிற எளிய கருவிகள் இருக்கின்றன. எந்தக் குறிப்பு வாசிக்கப்படுகிறது, எது உடைந்து கிடக்கிறது என்று தெரிந்துகொள்ள அது போதும். தெரிவுக்குழு என்ன நினைக்கிறது என்று அதில் தேடாதீர்கள். அது அங்கே இல்லை. கேட்கவேண்டியதை மின்னஞ்சலில் நேராகக் கேளுங்கள், மரியாதையாகக் கேட்டால் யாரும் கடிக்கமாட்டார்கள்.

நான் அனலிட்டிக்ஸை எடுத்துவிட்டேன். அந்த நேரத்தில் நிகழ்தகவுக் குறிப்புகளைப் போனில் சீக்கிரம் திறக்கிற மாதிரி மாற்றினேன். பெரிய படங்களை நீக்கி, டேட்டா குறைவாகப் போகிற மாதிரி. போன வாரம் வட்ஸ்அப்பில் தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. “அக்கா, ரெண்டாம் பாடத்துல மூனாவது கணக்குக்கு விடை பிழைன்னு நெனைக்கிறேன். ஒருக்கா பாருங்களேன்.” பார்த்தேன். விடை சரிதான், ஆனால் அந்தப் பிள்ளை போட்ட வழி என்னுடையதைவிடச் சுருக்கமாக இருந்தது. எந்தப் பாடசாலை என்று கேட்டேன். பூனாகலை என்றது.